துண்டுக்கு அடியில் பொருளாதாரத் துறை

பொருளாதாரப் பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஆப்பிள் மேல் அப்படி என்ன ஆசையோ, எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. தேவை விதியா, ஆப்பிள். அளிப்பு விதியா, அதற்கும் ஆப்பிள். முதல் ஆப்பிளில் நிறைய திருப்தி, இரண்டாவதில் கொஞ்சம் குறைச்சல், ஐந்தாவதில் வாந்தி. இதற்குக் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று மூச்சு வாங்கும்படி ஒரு பெயர் வேறு. பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆறு வருடமாக நானும் இந்த ஆப்பிளைத்தான் கூவி விற்றுக்கொண்டிருந்தேன். என் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் விசைத்தறி ஓடும், மீதிப் பேர் வீட்டில் கோழிப்பண்ணை இருக்கும். அவர்கள் ஆப்பிளைப் பார்ப்பது யாருக்காவது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால்தான்.

என் வீடு துடியலூரில். காலையில் இரண்டு பஸ் மாறி கல்லூரிக்குப் போக வேண்டும். பேரியல் பொருளியலை எனக்குப் புத்தகம் கற்றுக்கொடுத்ததைவிட அந்த இரண்டாவது பஸ் அதிகம் கற்றுக்கொடுத்தது. தறி ஓடாத வாரம் எனக்கு ஜன்னலோர சீட் கிடைக்கும். அதே வாரம் கல்லூரி வாசல் டீக்கடையில் போண்டா பாதிதான் போடுவார்கள். போண்டா பாதியானால் கடைக்கு வெங்காயம் போடுகிறவர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவார். ஒருத்தர் செலவுதான் இன்னொருத்தர் வருமானம் என்று நான் கரும்பலகையில் எழுதுவதற்குள், "அதானுங்க மேம், தறி நின்னா எங்க தெருவுல டிவி ரிப்பேர்க்காரர் கூட சும்மா உக்காந்திருப்பாரு" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடும். அந்தப் பாடத்தில் ஆப்பிள் இல்லை, அதனால் யாரும் தூங்கவில்லை. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்க வைத்தவர் எங்கள் தாளாளர். நூற்பாலைக் குடும்பம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நாற்காலி முதுகில் எப்போதும் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. கோபம் வந்தால்கூட மரியாதை குறையாமல் கோபப்படுவார். போன வருடம் மாசி மாதம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்தார். மோர் வந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மணி, உங்க டிபார்ட்மென்ட்ல ரண்டாம் வருசத்துல இருபது பேரு. மொத வருசத்துல எட்டே எட்டு. எட்டுப் பேருக்கு ஒரு ரூமு, நாலு ஃபேனு, ரண்டு வாத்தியாரு. எப்படிங்க கட்டுபடியாகும்?"

சராசரிச் செலவு. ஆள் குறைந்தால் தலைக்கு விழும் செலவு ஏறும். முந்தின வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன். நான் நடத்திய பாடமே என்னைத் தேடிவந்து கடித்தது.

"அறிமுக நாளன்னிக்கு இருவது விண்ணப்பம் வந்துதுன்னா ஓட்டலாமுங்க. இல்லீன்னா ரூம கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டுக்குக் குடுத்துப்போடலாம். உங்களுக்கு வேற ஏதாவது பாடம் பாத்துத் தரமுங்க, அதுக்கொண்ணும் சங்கடப்பட வேண்டாம்."

சங்கடப்பட்டேன். நன்றாகவே சங்கடப்பட்டேன். வேறு பாடம் என்றால் 'வணிகக் கடிதத் தொடர்பு' என்று எனக்குத் தெரியும். அன்புடையீர் என்று தொடங்கி இங்ஙனம் என்று முடிக்கக் கற்றுக்கொடுத்தே என் ஆயுள் போய்விடும். எனக்குப் பொருளாதாரம் பிடிக்கும். சந்தையில் தக்காளி விலை ஏறினால் மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள், நான் ஏன் ஏறியது என்று யோசித்து உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். என் கணவர் இதை நோய் என்றே சொல்வார். அந்த நோயை இருபது பிள்ளைகளுக்கு ஒட்டவைக்க எனக்கு ஒரே ஒரு நாள் கொடுக்கப்பட்டிருந்தது.

அறிமுக நாள் என்றால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து ஒவ்வொரு துறையாக எட்டிப்பார்ப்பார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் ரோபோ ஒன்றை நடக்கவிடுவார்கள். வேதியியலில் பச்சைப் புகை வரும். பொருளாதாரத்தில் என்ன வரும்? யோசித்து யோசித்து ஒரு வித்தை பிடித்தேன். வகுப்பிலேயே ஒரு சந்தை நடத்துவது. பத்துப் பேர் விற்பவர், பத்துப் பேர் வாங்குபவர். விற்பவர் கையில் ஒரு சீட்டு. அதில் உள்ள விலைக்குக் கீழே விற்கக் கூடாது. வாங்குபவர் கையில் ஒரு சீட்டு. அதில் உள்ளதற்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒருத்தர் சீட்டு இன்னொருத்தருக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்து கூவிக் கூவிப் பேரம் பேச வேண்டும். மூன்று சுற்று. யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூன்றாவது சுற்றில் எல்லாப் பேரமும் ஒரே விலைக்கு வந்து நிற்கும். அதுதான் சமநிலை விலை. அந்த விலையை நான் முன்னாலேயே ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தாளாளர் கையில் கொடுத்துவிடுவேன். கடைசியில் அவர் பிரித்துப் படிப்பார். பச்சைப் புகை எல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்.

சீட்டுகள் எழுதும்போது ஆப்பிள் ஞாபகம் வந்தது. இந்த முறை ஆப்பிள் வேண்டாம், நம்ம ஊர்ச் சரக்காக இருக்கட்டும் என்று ஆப்பிளை அடித்துவிட்டு 'காங்கேயம் காளை, ஒன்று' என்று எழுதினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்ட நிமிடம் அது. கணக்குப்படி விலை நாற்பதாயிரத்தில் நிற்க வேண்டும். தாளில் 'நாற்பது' என்று எழுதி உறையை ஒட்டினேன்.

அன்று அறை நிறையக் கூட்டம். சுவரோரம் அப்பாக்கள், ஜன்னலோரம் அம்மாக்கள், நடுவில் எதற்கு வந்தோம் என்று தெரியாத பிள்ளைகள். முன்வரிசையில் தாளாளர், மடியில் என் உறை. என்னுடைய இரண்டாம் வருட மாணவர்கள் இருபது பேருக்கும் சீட்டுகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன். "சந்தை ஆரம்பம்! கூவுங்க!" என்று கையைத் தட்டினேன்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு பையன் எழுந்து கைக்குட்டையை எடுத்து உதறினான். அடுத்த பையனின் கையைப் பிடித்து அதன் மேல் கைக்குட்டையைப் போட்டான். இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைக்குட்டைக்கு அடியில் விரல்கள் அசைந்தன. இங்கே எங்கள் மாட்டுச் சந்தைகளில் அப்படித்தான் விலை பேசுவார்கள்: துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, விரலுக்கு ஒன்று, முழுக் கைக்கு ஐந்து. பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. என் வகுப்பு முழுவதும் அந்தச் சந்தையாக மாறிவிட்டது. பையன்கள் பையன்களோடு கைக்குட்டைக்கு அடியில், பெண்கள் பெண்களோடு துப்பட்டாவுக்கு அடியில். சாக்பீஸோடு கரும்பலகை பக்கத்தில் நின்ற எனக்கு எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை.

"ஏம்ப்பா, சத்தமாப் பேசுங்கன்னு சொன்னேனே!"

"மாட்டு வெலையப் போய் யாராச்சும் கத்துவாங்களா மேம்?" என்றான் கைக்குட்டைக்காரன், நான் ஏதோ ஆகாத பேச்சுப் பேசிவிட்டது மாதிரி.

சுவரோரம் நின்ற அப்பா ஒருவர் அவனுக்கு வக்காலத்து வாங்கினார். "வெரலப் புடிச்சுப் பேசுனாத்தானுங்க அது யாவாரம். கத்துனா ஏலமுங்க." மற்ற அப்பாக்கள் தலையாட்டினார்கள். தாளாளரும் ஆட்டினார். ஆப்பிளாகவே விட்டிருந்தால் தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள். காளையைக் கட்டியது நான்தான்.

முதல் சுற்று முடிந்ததும், முடித்த விலையையாவது என் காதில் வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வந்து சொன்னார்கள். நான் கரும்பலகையின் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே போனேன். பையன்கள் பக்கம் நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. பெண்கள் பக்கம் முப்பத்து நான்கு, முப்பத்து மூன்று. நாற்பது எங்கேயுமே இல்லை. அப்போதுதான் என் இரண்டாவது தப்புத் தெரிந்தது. சீட்டுகளைக் குலுக்காமல் வரிசையாகக் கொடுத்திருந்தேன். விற்பவர் சீட்டுகளில் முக்கால்வாசி பெண்கள் பக்கம் போய்விட்டது, வாங்குபவர் சீட்டுகள் பையன்கள் பக்கம். பொதுவாகக் கூவியிருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விரலைப் பிடித்துப் பேச வேண்டும் என்றாகிவிட்ட பிறகு, அப்பா அம்மாக்கள் முன்னால் எந்தப் பெண் எந்தப் பையன் கையைப் பிடிப்பாள்? ஒரே அறையில் இரண்டு சந்தை. ஒன்றில் காளை சலீசு, இன்னொன்றில் காளை கிராக்கி. நடுவில் ஒரு நடைபாதை, அதைத் தாண்ட ஆள் இல்லை.

தாளாளர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ‘அன்புடையீர்’ என்று காதுக்குள் கேட்டது.

இரண்டாவது சுற்றுக்கு அதே சீட்டுகளோடு மறுபடியும் நின்றார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒருத்தி இருக்கிறாள். அப்பா மாட்டுத் தரகர். கேள்வி கேட்டால் எழுந்திருக்கக்கூடச் சோம்பல்படுகிறவள். அவள் கரும்பலகையை இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் பார்த்தாள். பிறகு நடைபாதையைத் தாண்டி நேரே பையன்கள் பக்கம் போய் ஒருவன் கையைப் பிடித்தாள். ஜன்னலோரத்து அம்மாக்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். "எங்க பெரியப்பா பையனுங்க. அண்ணன்" என்று அறைக்கு அறிவித்துவிட்டு, துப்பட்டாவை உதறிப் போட்டாள்.

அதற்கப்புறம் அந்த அறை வேறு அறையாகிவிட்டது. அவள் பெண்கள் பக்கம் மலிவாக வாங்குவாள், நடைபாதையில் வந்து அண்ணன் விரலைப் பிடிப்பாள், அண்ணன் போய்ப் பையன்களிடம் கிராக்கியாக விற்பான். நடுவில் நிற்பது அவர்கள் இருவருக்கும் லாபம். இதைப் பார்த்த பெண்கள் விழித்துக்கொண்டு விலையை ஏற்றினார்கள். பையன்கள் பக்கம் சரக்கு வந்து குவிந்ததும் அங்கே விலை இறங்கியது. முப்பத்தாறு, நாற்பத்து நான்கு. முப்பத்தெட்டு, நாற்பத்து இரண்டு. மூன்றாவது சுற்றில் அப்பாக்கள் சுவரை விட்டு நகர்ந்து வந்துவிட்டார்கள். "அந்தப் பொண்ணு தரகு எச்சா வெக்கறா, நீ நேரா அவுங்கண்ணங்கிட்டக் கேளு" என்று என் மாணவனுக்கு முன்பின் தெரியாத ஒருவர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நான்கு பேரம் இரண்டு பக்கமும் நாற்பது, நாற்பது, நாற்பது, நாற்பது.

தாளாளர் உறையைப் பிரித்தார். தாளை உயர்த்திக் காட்டினார். அம்மாக்கள்தான் முதலில் கை தட்டினார்கள். புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தது எனக்கும் அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது, கரும்பலகையை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மாலையில் விண்ணப்பங்களை எண்ணினேன். பதினொன்று.

இருபதுக்குப் பதினொன்று என்றால் கதை முடிந்தது. இருந்தாலும் காகிதங்களை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். சீட்டுகளையும் பெஞ்சுகளையும் ஒழுங்குபடுத்தி முடித்த அண்ணனும் தங்கையும் அறைச் சாவியை ஒப்படைக்க என் பின்னாலேயே வந்தார்கள். உள்ளே போனால் எனக்கு முன்னால் தமிழ்த் துறைத் தலைவரும் இயற்பியல் துறைத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையிலும் மெல்லிய காகிதக் கட்டு. அவர்களுக்கும் இருபதுதான் நிபந்தனை என்று அப்போதுதான் தெரிந்தது.

தாளாளர் என் காகிதங்களை எண்ணிப் பார்த்தார். மற்ற இருவரையும் பார்த்தார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. எனக்கு வாய்விட்டு ஒரு எண்ணைக் குறைத்தால் அடுத்த நிமிடம் மற்ற இருவருக்கும் குறைக்க வேண்டும். விற்பவர் விலையை ஏன் பொதுவில் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அவர் நாற்காலி முதுகிலிருந்து துண்டை எடுத்தார். என் பக்கம் கையை நீட்டியவர், நான் பெண் என்பது ஞாபகம் வந்து, கையை அப்படியே காற்றில் நிறுத்திக்கொண்டார்.

"ஏப்பா, இக்கட்டால வா" என்று அந்தப் பையனைக் கூப்பிட்டார்.

இப்படியாக என் துறையின் தலையெழுத்து நான்கு பேர் விரல்களில் போனது. தாளாளர் அந்தப் பையனின் விரலைப் பிடித்தார், மேலே துண்டு. பையன் மற்றக் கையால் தங்கை விரலைப் பிடித்தான். தங்கை என் விரலைப் பிடித்தாள், மேலே துப்பட்டா. தமிழும் இயற்பியலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவர் பக்கமிருந்து நான்கு முறை முழுக் கை: இருபது. நான் இரண்டு முறை கொடுத்தேன்: பத்து. துண்டுக்கு அடியில் ஏதேதோ நடந்தது. பதினெட்டு வந்தது. நான் பதினொன்று கொடுத்தேன். தாளாளர் கண்ணை மூடிக்கொண்டார், பையன் மூக்கை உறிஞ்சினான். மூன்று முழுக் கை, ஒரு விரல்: பதினாறு. அவள் என்னை நேராகப் பார்த்து, இதற்குக் கீழே போகாது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நான் அவள் கையை அழுத்தினேன். முடிந்தது.

"சேர்க்கை முடியறதுக்குள்ள பாத்துக்கலாமுங்க" என்றார் தாளாளர் பொதுவாக.

இன்னும் ஐந்து பேர். அந்தக் கோடை முழுவதும் ஐந்து பேருக்காக அலைந்தேன். தறிக் கொட்டகைகளில் சத்தத்துக்கு மேலே "பொ-ரு-ளா-தா-ரம்" என்று கத்தினேன். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், "படிச்சா முட்டை வெலை ஏறுமுங்களா?" என்று கேட்டார். ஏறாது, ஏன் ஏறவில்லை என்று உங்கள் மகள் சொல்வாள் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தறியை விட்டுவிட்டுப் பையன் எப்படிப் படிக்க வருவான் என்று ஒரு அம்மா கேட்டார். மூன்று வருடக் கூலியை விட வேண்டும். வாய்ப்புச் செலவு என்று வகுப்பில் அதை எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் அது ஒவ்வொரு சனிக்கிழமையும் கைக்கு வருகிற கூலி. மாலை ஷிப்ட் ஓட்டிக்கொண்டு படிக்கட்டும் என்று மூன்று தரம் போய்ப் பேசி அவனையும் பிடித்தேன். பதினாறாவது விண்ணப்பம் கடைசி நாள் மதியம் வந்தது.

வகுப்பு தொடங்கிய வாரம் தாளாளர் வராந்தாவில் எதிரே வந்தார்.

"பரவால்லீங்க அம்மணி. நான் பதினொண்ணுக்கே வுட்டுப்போட்டேன். நீங்க பதினாறு கொண்டாந்துட்டீங்க."

"பதினொண்ணுங்களா சார்?"

"அட, கையில பதினொண்ணு வெச்சிருக்கீங்க, அதுக்கு மேல எப்படிங்க கேக்கறது? மூணாவது தடவையிலயே பதினொண்ணுன்னு அந்தப் பையன் கையில குடுத்துட்டேனே!"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு கோடை முழுக்க வெயிலில் அலைந்திருக்கிறேன். அந்த அம்மா வாசலில் மூன்று தரம் நின்றிருக்கிறேன். நேரே போய் அந்தத் தரகர் மகளைத் தேடிப் பிடித்தேன். முதல் வருட வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்; புதுப் பிள்ளைகளுக்குப் பழைய புத்தகம் கொடுக்க வந்தாளாம்.

"ஏன் கண்ணு, தாளாளர் பதினொண்ணுன்னாராமே. நீ எனக்குப் பதினாறுன்னு ஏன் சொன்ன?"

அவள் கொஞ்சம்கூட அசரவில்லை.

"பதினொண்ணுன்னு சொல்லியிருந்தா நீங்க ஊட்ல உக்காந்திருப்பீங்க மேம். அடுத்த வருசம் மறுக்காவும் இதே பேச்சு வந்திருக்குமுங்க." பிறகு வகுப்புக்குள்ளே கையைக் காட்டினாள். "எனக்கும் அண்ணனுக்கும் தரகு அஞ்சுங்க. அதா, மொத பெஞ்சுல உக்காந்திருக்கு பாருங்க."

பார்த்தேன். கோழிப்பண்ணைக்காரர் மகள் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். மாலை ஷிப்ட் ஓட்டுகிற பையன் முதல் மணிக்கே தூங்கிவிட்டிருந்தான், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். பதினாறு பெயர்களையும் ஒவ்வொன்றாக, பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்படி, சத்தமாகக் கூப்பிட்டேன்.